காலகேயனுக்கு நாக்கு தந்தது யார்?

போன மாதம் ஒரு மாணவத் தோழர் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். நம்ம காலனிப் பையன்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. நாவல் எழுதுகிறாராம். நம்ம ஊர்க் கதை இல்லை. பூமியிலேயே இல்லாத ஒரு தேசத்தின் கதை. அங்கே ஒரு அரண்மனை, ஒரு காடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு. அரண்மனைக்காரர்களுக்கு ஒரு மொழி, காட்டுக்காரர்களுக்கு ஒரு மொழி. இரண்டையும் அவரே உண்டாக்கி வைத்திருக்கிறார். எழுத்து, இலக்கணம், இருநூறு முந்நூறு சொல், எல்லாம் நோட்டில் இருக்கிறது.

'படிச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணே' என்றார்.

படித்தேன். அரண்மனை மொழி ல, ன, ய என்று வழுக்கிக்கொண்டு போகிறது. 8 வேற்றுமை, 3 காலம், மரியாதைப் பன்மை. காட்டுமொழி க், ட், ற் என்று முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு எதிர்காலம் கிடையாது. 'அவங்க நாளையப் பத்தி யோசிக்க மாட்டாங்கண்ணே.' ஐந்துக்கு மேல் எண் கிடையாது. 'நன்றி' என்பதற்குச் சொல் கிடையாது.

'தம்பி, உங்க ஆயா யாருக்காவது நன்றின்னு சொல்லிக் கேட்டிருக்கியா?' என்றேன்.

யோசித்தார். சிரித்தார். 'இல்லண்ணே. நல்லாயிருன்னுதான் சொல்லும்.'

'அப்ப ஆயா காட்டுமிராண்டியா?'

அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடிக்கொண்டார்.

இந்தக் கட்டுரை அவரைத் திட்டுவதற்கு இல்லை. நம்ம பையன் உட்கார்ந்து, யாரும் கேட்காமல், காசு வாங்காமல், நம்மையே காட்டுமிராண்டியாக எழுதுகிறானே, அவன் கையைப் பிடித்து எழுத வைக்கிற கை எது என்று பார்ப்பதற்கு. அந்தக் கை பெரிய கை. கடல் தாண்டி வந்த கை. நம்ம இலக்கணத்துக்குள்ளேயும் இருக்கிற கை.

*

கற்பனை உலகத்துக்கு மொழி செய்கிறவர்களுக்கெல்லாம் குரு என்று டோல்கீனைச் சொல்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். குவென்யா, சிண்டரின் என்று தேவர்களைப் போன்ற எல்ஃபுகளுக்கு 2 மொழிகளை வாழ்நாள் முழுக்கச் செதுக்கினார். கதைக்காக மொழி செய்யவில்லை, மொழிக்கு ஒரு உலகம் வேண்டும் என்றுதான் கதை செய்தேன் என்றவர். அவ்வளவு அன்பு. ஆனால் அதே உலகத்தில் ஓர்க்குகள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்குச் சொந்தமாக மொழி கிடையாது. எசமான் செய்துகொடுத்த கறுப்பு மொழியைக் கெடுத்துப் பேசுவார்கள், மற்றவர்களிடமிருந்து பொறுக்கியதைக் கொச்சையாக்கிப் பேசுவார்கள். இந்த ஓர்க்குகள் பார்க்க எப்படி இருப்பார்கள் என்று 1958ல் ஒரு கடிதத்தில் அவரே விளக்குகிறார்: தட்டை மூக்கு, அகன்ற வாய், சாய்ந்த கண், ஐரோப்பியர் பார்வையில் அழகற்ற மங்கோலியச் சாயல்.

டோல்கீன் நாஜியா? இல்லை. நீங்கள் ஆரிய வம்சமா என்று 1938ல் கேட்ட ஜெர்மன் பதிப்பகத்துக்குக் கோபமாகப் பதில் வரைந்தவர். அதனால்தான் சொல்கிறேன். நல்ல மனுசனுடைய பேனாவிலும் இது கசிகிறது. கெட்ட எண்ணம் தேவையில்லை, பழக்கம் போதும்.

அடுத்து 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்.' 2011ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர். டேவிட் பீட்டர்சன் என்கிற மொழியியலாளர் அதற்கு மொழிகள் செய்தார். குதிரை மேல் வாழும், கொள்ளையடிக்கும் டோத்ராக்கி கூட்டத்துக்கு ஒரு மொழி. அழிந்த பேரரசின் வெள்ளைமுடி ராசவம்சத்துக்கு இன்னொரு மொழி, உயர் வலீரியன். பேரிலேயே 'உயர்'. பீட்டர்சன் இரண்டுக்கும் ஒரே உழைப்பைத்தான் போட்டார், அதை மறுக்கவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு பாத்திரம் சொல்கிறது: டோத்ராக்கியில் நன்றிக்குச் சொல் இல்லை. என் தம்பி நோட்டுக்கு அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

சொல் இல்லை என்றால் உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு வினைவிகுதி கிடையாது. துணைவினையை ஒட்டவைத்துத்தான் 'நாளை'யை ஓட்டுகிறார்கள். அவன் நாளையைப் பற்றி யோசிக்காதவனா? உலகத்தின் பாதியை நாளைக்கும் சேர்த்து எழுதி வாங்கியவன் அவன்தான். காட்டுக்காரனுக்கு மட்டும் இலக்கணத்தைப் பார்த்து மூளையை அளக்கிறார்கள்.

இன்னொன்று. 1984ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காகக் கிளிங்கான் என்கிற சண்டைக்கார இனத்துக்கு முழுமொழி செய்தவர் மார்க் ஓக்ராண்ட். அடுத்த வருசமே அகராதி வந்தது. இவர் பெர்க்கிலியில் முனைவர் பட்டத்துக்கு எழுதியது என்ன தெரியுமா? கலிபோர்னியப் பூர்வகுடிகளின் முட்சுன் மொழி இலக்கணம், 1977. அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனுசி 1930ல் செத்துப்போனார். ஸ்பானியப் பாதிரிகளின் மிஷன்களில் அடைக்கப்பட்டு, நோயிலும் வேலையிலும் அழிந்த சனங்களின் மொழி. பேச ஆள் இல்லாத அந்த மொழியைக் காகிதத்திலிருந்து படித்தவர், ஆளே இல்லாத கிரகத்துக்கு மொழி செய்யப் போனார். கிளிங்கான் பேச உலகமெங்கும் ஆள் கிடைத்தது. முட்சுன் வாரிசுகள் பழைய குறிப்புகளையும் ஆய்வுகளையும் வைத்துக்கொண்டு தங்கள் பாட்டிகளின் மொழியைச் சொல் சொல்லாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓக்ராண்டைக் குற்றம் சொல்லவில்லை, அவர் உழைப்பும் அதற்கு உதவுகிறது. உலகம் எதற்குக் கை தட்டுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

*

வெளிநாட்டுக் கதை போதும். நம்ம தியேட்டருக்கு வருவோம்.

2015 ஜூலையில் 'பாகுபலி' வந்தது. ராஜமௌலி இயக்கியது. அதில் மகிழ்மதியோடு போருக்கு வருகிற காலகேயர் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த உடம்பு, அழுக்கு, சடை, கோரப் பல். அவர்களுக்கென்று கிளிக்கி என்கிற மொழி. செய்தவர் மதன் கார்க்கி. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். 'நான்' என்றால் மின். அதைத் திருப்பிப் போட்டால் நிம், 'நீ'. எதிர்ச்சொல்லுக்கு எழுத்தைத் திருப்பும் விதி. கெட்டிக்காரத்தனம், ஒத்துக்கொள்கிறேன். இந்தியச் சினிமாவில் ஒரு வில்லன் கூட்டத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டு மொழி செய்தது பெரிய விசயம்தான்.

இதன் பூர்வகதையையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் படிக்கும்போது, குழந்தைகளோடு விளையாட 'கிளிக்' என்று ஒரு சின்ன மொழி செய்தாராம். அதுதான் வளர்ந்து கிளிக்கி ஆனது. அதாவது குழந்தைக்குச் செய்த மொழியைக் கொண்டுபோய்க் காட்டுமிராண்டி வாயில் வைத்தார்கள். அவருக்கு அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் 'காட்டுவாசி வளராத குழந்தை' என்று வெள்ளைக்காரன் நூறு இருநூறு வருசமாகச் சொன்னதைக் கேட்டவனுக்கு இது புதுசாக இல்லை. அந்த நாக்குச் சொடுக்கும் ஓசை இருக்கிறதே, தியேட்டரில் பயந்து சிரித்தீர்களே, தென்னாப்பிரிக்காவில் ஸோஸா மொழியில் அப்படிச் சொடுக்கும் மெய்யெழுத்துகள் உண்டு. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அது. ஓசையில் சாதி இல்லை. காதில்தான் இருக்கிறது.

இனிதான் முக்கியமான இடம். அதே படத்தின் தமிழ் வசனத்தில், வீரநாயகன் எதிரியை இழித்துப் பேசும் இடத்தில், 'பகடைக்குப் பிறந்தவன்' என்று வருகிறது. பகடை என்பது தென்மாவட்டங்களில் அருந்ததியரைக் குறிக்க வழங்கிய பெயர். புலித்தேவன் படையின் தளபதி ஒண்டிவீரனை வாய்மொழிக் கதைகள் ஒண்டிப்பகடை என்றுதான் சொல்கின்றன. அந்தப் பேரை வசையாக்கி அரண்மனை வாயில் வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. தமிழ் வசனம் எழுதியவரும் அதே மதன் கார்க்கிதான். உள்நோக்கம் இல்லை என்று வருத்தம் தெரிவித்தார்.

உள்நோக்கம் இல்லை என்பதை நான் அப்படியே நம்புகிறேன். என் கேள்வி வேறு. உலகத்திலேயே இல்லாத ஒரு கூட்டத்துக்கு 750 சொல்லைத் தேடித் தேடி, ஓசை பார்த்து, விதி போட்டுச் செய்ய நேரம் இருந்தது. உலகத்தில் இருக்கிற, அதே ஊரில் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிற, சனங்களைக் குறிக்கிற ஒரே ஒரு சொல்லை 'இது யாருடைய பேர்?' என்று விசாரிக்க நேரம் இல்லை. புதுச்சொல் செய்ய அகராதி வேண்டும். பழஞ்சொல்லுக்கு அகராதி வேண்டாம், அது தானாக வாயில் வருகிறது. தானாக வருகிறது பாருங்கள், அதுதான் சாதி.

2020 பிப்ரவரி 21ல், உலகத் தாய்மொழி தினத்தன்று, கிளிக்கிக்கு எழுத்தும் பாடமும் வெளியிட்டார்கள். அந்தத் தினம் ஏன் வந்தது? 1952ல் அதே தேதியில் டாக்காவில் வங்காள மொழிக்காகச் சுடப்பட்டுச் செத்த மாணவர்களின் நினைவாக வந்தது. அன்றைக்குக் கற்பனை மொழிக்கு விழா. நீலகிரியில் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் ஆபத்தில் இருக்கின்றன என்று யுனெஸ்கோ பட்டியல் போட்டிருக்கிறது. 1971 முதல் இந்தியச் சனத்தொகைக் கணக்கில் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிக்குத் தனிப்பேர் கிடையாது, 'மற்றவை'யில் போட்டு மூடுகிறார்கள். காலகேயனுக்கு இருக்கிற அந்தஸ்து தோடனுக்கு இல்லை.

*

'கற்பனைதானேய்யா, இதுல போய் என்ன அரசியல்?' என்பார்கள். வழக்கமாகச் சொல்வதுதான்.

சரி, கற்பனை. காலனியில் நான் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். படம் வந்த அடுத்த வாரம் அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவன் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: காலகேயன். கொஞ்சம் கறுப்பு, பல் கொஞ்சம் எடுப்பு. போதாதா? வருகைப் பதிவில் அவன் பேர் கூப்பிட்டால் பின்பெஞ்சிலிருந்து நாக்கைச் சொடுக்குவார்களாம். வகுப்பே சிரிக்குமாம். வாத்தியார் காதில் விழுமாம், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். விளையாட்டு நேரத்தில் ஊர்த்தெருப் பையன்கள் பாகுபலி, காலனிப் பையன்கள் காலகேயர். யாரும் பிரித்துவிடவில்லை. தானாகப் பிரிந்தது.

கற்பனை மொழி எந்த உலகத்தில் பேசப்படுகிறது என்று கேட்டால் இதுதான் என் பதில். அது மகிழ்மதியில் பேசப்படவில்லை. அஞ்சாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பேசப்பட்டது.

காலகேயர் என்கிற பேராவது கற்பனையா? அதுவும் இல்லை. மகாபாரதத்து அசுரர் பேர் அது. வனபர்வத்தில் கதை இருக்கிறது. காலகேயர் கடலுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். தேவர்களால் பிடிக்க முடியவில்லை. ஒரு முனிவரிடம் போய் முறையிடுகிறார்கள். அவர் கடலையே குடித்துவிடுகிறார். தண்ணீர் வற்றிய கடலில், ஒளிய இடமில்லாமல் நிற்கிற காலகேயரைத் தேவர்கள் வெட்டிச் சாய்க்கிறார்கள். கடலைக் குடித்துக் கொடுத்த முனிவர் யார்? அகத்தியர். நம்ம தமிழுக்கு முதல் இலக்கணம் எழுதியவர் என்று புலவர்கள் கும்பிடுகிற அதே அகத்தியர். இலக்கணக்காரன் கடலைக் குடித்தான், காலகேயன் செத்தான். கதையை நான் கட்டவில்லை. அவர்கள் வைத்திருக்கிற கதைதான்.

'வடமொழிப் புராணத்தை இழுத்துத் தமிழ் மேல பூசாதே' என்று தமிழ்த்தேசியத் தோழர் ஒருவர் கோபிப்பார். சரி, தொல்காப்பியத்துக்கே போவோம். அகத்திணை என்பது என்ன? கற்பனை உலகம்தான். நாடக வழக்கு என்று இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. குறிஞ்சி, முல்லை என்று நிலம் வகுத்து, பொழுது வகுத்து, யார் எங்கே எதைப் பேசலாம் என்று விதி போட்டுச் செய்த உலகம். அழகான உலகம். அந்த உலகத்தில் அடியோருக்கும் வினைவலருக்கும், அதாவது அடிமைக்கும் ஏவல் வேலை செய்பவனுக்கும், அன்பின் ஐந்திணையில் இடம் இல்லை. அவர்கள் காதல் ஐந்திணைக்குப் புறத்தே. கைக்கிளை, பெருந்திணை என்று ஓரமாக உட்கார வைத்தாயிற்று. மூட்டை தூக்குகிறவனுக்குக் காதலுக்குக்கூட வேறு பாஷை. உலகம் செய்கிறவன் முதலில் செய்வது வேலிதான்.

*

இப்போது நம்ம பக்கத்துக்கு வருகிறேன். இங்கேயும் எதிர்ப்பு உண்டு.

'பஞ்சமி நிலம் போச்சு, குடிதண்ணித் தொட்டியில மலத்தைக் கலக்குறான், நீ இல்லாத ஊருக்கு இலக்கணம் பேசிக்கிட்டு இருக்கியா?' என்று வாசகர் வட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கோபம். ஆனால் அவருக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு. பஞ்சமி நிலம் 1892ல் வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பித்தார். அந்தப் பத்திரிகையில் அவர் செய்தது என்ன? சொற்களோடு சண்டை போட்டார். எந்தச் சொல் யாருடையது, யார் திருடினார்கள், எப்படித் திரித்தார்கள் என்று வாரா வாரம் எழுதினார். வேஷ பிராமணர், யதார்த்த பிராமணர் என்று பிரித்தார். நம்மைச் சாதிபேதமற்ற திராவிடர் என்றார், பூர்வ பௌத்தர் என்றார். கல்வித்துறைக்காரர்கள் 'அவர் சொற்பிறப்பு மொழியியல்படி நிற்காது' என்பார்கள். நிற்காமல் போகட்டும். அவர் மொழியியல் மட்டும் செய்யவில்லை. ஒரு சனத்துக்கு உலகம் செய்தார். இழிவு இல்லாத ஒரு பழைய தேசத்தைச் சொற்களால் கட்டினார். டோல்கீனுக்கு 'மேதை' என்று சொல்கிறவர்கள், பண்டிதருக்கு மட்டும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கிறார்கள்.

1922ல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்கிற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து எடு, ஆதிதிராவிடர் என்று எழுது. அன்றைக்கும் 'பேரை மாத்தினா வயிறு நெறையுமா?' என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். வயிறு நிறையாது. ஆனால் பேர் இல்லாதவனுக்குப் பட்டா எழுத முடியாது, தோழரே. 'தலித்' என்பதே எடுத்து மாட்டிக்கொண்ட சொல்தானே? வானத்திலிருந்தா விழுந்தது? நம்ம இயக்கம் ஒவ்வொரு கட்டத்திலும் புதுச்சொல் செய்துதான் நகர்ந்திருக்கிறது. நிலத்துக்குப் போராடுவதும் சொல்லுக்குப் போராடுவதும் வேறு வேறு வேலை இல்லை.

*

அப்படியானால் நாமும் ஒரு மொழி செய்தால் என்ன? சாதியே இல்லாத மொழி?

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இழிசொல்லையெல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமாக ஒரு மொழி. சொல் இல்லை என்றால் சாதி இல்லை. ஆனால் இது ஆபத்தான யோசனை. ஜார்ஜ் ஆர்வெல் 1949ல் வெளிவந்த '1984' நாவலில் இதைத்தான் காட்டினார். அங்கே ஆட்சி புதுப்பேச்சு என்று ஒரு மொழி செய்கிறது. வருசா வருசம் அகராதி மெலிகிறது. எதிர்ப்பதற்குச் சொல் இல்லாவிட்டால் எதிர்க்கவே தோன்றாது என்பது கணக்கு. இன்றைக்கு 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க?' என்று பேசுகிறவர்களின் மொழி அதுதான். சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். தனிக்குவளை போய்ப் பேப்பர் கப் வந்தது, சுடுகாட்டுப் பாதை அப்படியே இருக்கிறது. அடிக்கிறவன் அடித்துக்கொண்டே இருப்பான், அடிபட்டவனுக்கு 'வலி' என்கிற சொல் இருக்காது. அந்தச் சுத்தமான மொழி நமக்கு வேண்டாம்.

நேரெதிராகச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். சூசெட் ஹேடன் எல்ஜின், அமெரிக்கப் பெண் மொழியியலாளர். 1982ல் லாடான் என்று ஒரு மொழி செய்தார். 1984ல் வந்த அவருடைய நாவலில், ஆண்களின் கீழ் அடிமைப்பட்ட பெண்கள் இரகசியமாகத் தங்களுக்கென்று ஒரு மொழி செய்வார்கள். பெண்கள் நாள்தோறும் படுவதற்கு எந்த மொழியிலும் பேர் இல்லையே, அதற்குப் பேர் வைப்போம் என்பதுதான் திட்டம். அதில் ஒரு சொல் ராடீடின். அர்த்தம்: பேருக்குத்தான் பண்டிகை நாள், விருந்தாளி கூட்டம், சமையல், பாத்திரம், யாரும் உதவிக்கு வராததால் உண்மையில் அது சுமை நாள். தீபாவளியன்று அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். மொழிபெயர்ப்பே வேண்டாம்.

அந்த மொழி ஊரெங்கும் பரவவில்லை. பரவாமல் போகட்டும். ஒரு வழியைக் காட்டியது. இல்லாத சனத்துக்கு மொழி செய்யாதே, இருக்கிற சனத்தின் இல்லாத சொல்லைச் செய்.

*

இதை எங்கள் சாயங்கால வகுப்பில் செய்து பார்த்தோம். நம்ம பிள்ளைகளுக்கு மொழி செய்வது ஒன்றும் புதுசு இல்லை. எழுத்துக்கு முன்னால் 'க' போட்டுப் பேசும் 'க' பாஷையில் பெரியவர்களுக்குப் புரியாமல் பேசிக்கொள்ளாத பிள்ளை எந்தத் தெருவில் உண்டு? தட்டான் பொன்னைப் 'பறி' என்பான், யானைப்பாகன் ஆடையைக் 'காரை' என்பான் என்று நன்னூல் உரையில் குழூஉக்குறிக்கு உதாரணம் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் மறைமொழி இருந்திருக்கிறது. நமக்கும் ஒன்று செய்வோம் என்றேன்.

முதல் விதி: 'நீ' இருக்கலாமா, 'நீங்க' இருக்கலாமா? பெரிய சண்டை. எல்லாருக்கும் 'நீ' போதும் என்றான் ஒருவன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, 'அப்ப எங்கம்மாவ அந்த வீட்டுச் சின்னப்பையன் வாடின்னு கூப்புடறது அப்படியேதான இருக்கும்?' என்று கேட்டாள். அத்தோடு முடிவாகிவிட்டது. எல்லாருக்கும் 'நீங்க'. ஆட்டுக்கும் 'நீங்க'. அன்றைக்கு முழுக்க ஆடுகளைப் 'போங்க, போங்க' என்று விரட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

பிறகு சொற்கள். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், வேலை கேட்கப் போன இடத்தில், 'நீங்க எந்தத் தெரு?' என்று ஒரு கேள்வி வருமே, தெருவைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்காத கேள்வி, அதற்கு ஒரு பேர்: 'ருதெ'. தெருவைத் திருப்பிப் போட்டார்கள். கிளிக்கியின் விதிதான். கருவி நல்ல கருவியாக இருந்தால் நாமும் எடுத்துக்கொள்வோம், வெட்கமில்லை. 'இன்னைக்கு என்னை ஒருத்தர் ருதெ கேட்டாரு' என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குப் பேர்: 'சொளக்கி'. இதுவரைக்கும் நம்ம மொழியில் கீழே கையேந்திக் குடிக்கிறவனுக்குத்தான் பேர் இருந்தது. ஆயிரம் பேர் இருந்தது. மேலே நின்று ஊற்றுகிறவனுக்குப் பேரே இல்லை. அவன் வெறும் 'ஆள்'. இப்போது அவனுக்கும் பேர் வந்துவிட்டது.

காதில் விழுந்தும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிற வாத்தியாருக்குப் பேர்: 'கம்மர்'. கம்முன்னு இருக்கிறவர். 'அந்தாளுக்கு எதுக்குடா ர்? கம்மன்னு வை' என்றேன் நான். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. 'நம்ம மொழியில எல்லாருக்கும் மரியாதைன்னு விதி போட்டாச்சு சார். அவருக்கும்தான்.' எனக்கு வாயடைத்துவிட்டது. மனுவும் மற்றவர்களும் எழுதிய விதிகளில் ஒன்றாவது இந்தத் தரத்தில் இருக்கிறதா?

அந்தப் பழைய 'காலகேயன்' இப்போது வளர்ந்துவிட்டார். வேலைக்குப் போகிறார், சாயங்காலம் சில நாள் வந்து சின்னப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். அன்றைக்கு அவரும் இருந்தார். 'அந்தப் பேருக்கு நம்ம மொழியில ஒரு நல்ல அர்த்தம் போட்டுரலாமா? காலகேயன்னா வீரன்னு?' என்று கேட்டேன். தலித் அரசியலில் நமக்குப் பழக்கமான உத்தி அது. இழிசொல்லை எடுத்துக் கிரீடமாக வைத்துக்கொள்வது.

'வேணாம் சார்' என்றார். 'எனக்குப் பேர் இருக்குல்ல.'

அதையும் எழுதி வைத்திருக்கிறோம். சில சொல்லைத் திருப்பிப் போடலாம். சில சொல்லைத் திருப்பித் தரத்தான் வேண்டும். எதை எதைச் செய்வது என்று அதைச் சுமந்தவர் சொல்லட்டும், கட்டுரை எழுதுகிறவன் சொல்லக்கூடாது.

*

நாவல் எழுதும் மாணவத் தோழருக்கும், அவரைப் போல் எழுதப்போகிற மற்றவர்களுக்கும் கடைசியாக.

எழுதுங்கள். இல்லாத உலகத்தை எழுதாதே என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிற உலகம் நமக்கு இலாயக்கில்லை, இன்னொன்றை யோசிக்க நம்மைவிட உரிமை உள்ளவன் எவன்? ஆனால் மொழி செய்ய உட்காரும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மொழியில் யாருக்குச் சொல் இல்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன்? இந்த மொழியில் திட்டவேண்டும் என்றால் யார் பேரைச் சொல்லித் திட்டுவார்கள்? இந்த மொழியைக் கேட்டு எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தப் பெஞ்சில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள்? மூன்றுக்கும் பதில் தெரியாமல் எழுதினால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினாலும் உங்கள் பேனா அரண்மனைப் பேனாதான்.

போன வாரம் அவர் மறுபடியும் வந்தார். 'வாங்க தம்பி, உக்காருங்க' என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார், நான் அவரை 'வாங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை. நோட்டை நீட்டினார். காட்டுமொழிக்கு எதிர்காலம் வந்திருக்கிறது. அதுவும் 2 வகை: அரண்மனை விட்டால் நடப்பது ஒன்று, விடாவிட்டாலும் நடப்பது ஒன்று. 'நன்றி'க்கு எதிரே 'நல்லாயிரு' என்று எழுதியிருக்கிறார். அரண்மனை மொழிப் பக்கத்தைத் திருப்பினேன். 8 வேற்றுமையும் அப்படியே இருக்கிறது. கீழே ஒரு வரி புதுசாகச் சேர்ந்திருக்கிறது: இந்த மொழியில் 'மன்னிப்பு' என்பதற்குச் சொல் இல்லை.

இது அவசரம் என்று எனக்குப் படுகிறது. அவர்களுக்கும் அந்தச் சொல் தேவைப்படும் நாள் வரும், அதை நாம்தான் செய்துகொடுக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை. நீங்களும் வாங்க.